காற்சட்டைப் பொக்கற்றில் கைத்துப்பாக்கி: அனுமதி கோரலும் அவசர முறைப்பாடும்

அனுப்புநர்:
வினுஷா சுஜீதன்,
ஆயுதம் தரித்த பாதுகாப்பு ஊழியர்,
ட்ருகனினா, மெல்பேர்ண்.

பெறுநர்:
பரிசோதனை அதிகாரி அவர்கள்,
துப்பாக்கி உரிமப் பிரிவு,
மெல்பேர்ண்.

பொருள்: சாதாரண உடையில் கடமை செய்யும் பெண் ஊழியர்கள் கைத்துப்பாக்கியைக் கைப்பையில் கொண்டுசெல்ல வேண்டும் என்ற உத்தரவை நிறுத்துதல், எனது காற்சட்டைப் பொக்கற்றைப் பரிசோதித்து அனுமதித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எந்த மொழியிலும் எழுதலாம் என்று உங்கள் அலுவலகம் அறிவித்திருப்பதால் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் என் விஷயம் நாலு வரியில் செத்துப்போகிறது. மொழிபெயர்ப்பாளர் அவர்களுக்கும் என் வணக்கம். பொறுமையாக வாசிக்கவும்.

1. கடைகளிலிருந்து வாடிக்கையாளர் வீடுகளுக்கு நகை கொண்டுசெல்லும் நிறுவனமொன்றில் அண்மையில் சேர்ந்தேன். ஆயுத உரிமம் கைக்கு வந்த அன்று வாகனத் தரிப்பிடத்தில் நின்று துள்ளினேன். இதையெல்லாம் மனுவில் எழுதலாமோ தெரியாது, ஆனால் நடந்தது அதுதான். எங்கள் வேலை வெளியில் தெரியக் கூடாது. சீருடை கிடையாது, வண்டியில் பெயர் கிடையாது. சிறிய கைத்துப்பாக்கி, உரிமத்தில் உள்ளபடி உடைக்குள் மறைவாக இருக்கும். வேலை முடிந்ததும் அது நிறுவனத்தின் இரும்புப் பெட்டகத்துக்குத் திரும்பிவிடும். என் வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

2. பயிற்சியில் சொல்லித் தந்ததை அட்சரம் பிசகாமல் சொல்வேன். துப்பாக்கி இருக்கும் பொக்கற்றில் வேறொன்றும் இருக்கக் கூடாது. சாவி வேண்டாம், டிஷூத் தாள்கூட வேண்டாம். விசையை முழுதாக மூடும் கெட்டியான உறைக்குள் அது இருக்க வேண்டும். அந்த உறை பொக்கற்றுக்குள் புரளக் கூடாது. ஆண்களுக்கு இது சுலபம். பெண்களின் காற்சட்டைப் பொக்கற்றை ஐயா பார்த்திருக்கிறீர்களோ தெரியவில்லை. நாலு விரல் நுழைந்தால் ஐந்தாவது வெளியே நிற்கும். சிலவற்றில் பொக்கற்றே இல்லை, இருப்பதுபோல ஒரு தையல் மட்டும் போட்டிருப்பார்கள்.

3. சென்ற மாதம் நானும் சக ஊழியர் தேவராஜாவும் கிளென் வேவர்லியில் ஒரு கல்யாண வீட்டுக்கு மணப்பெண்ணின் நகைகளைக் கொண்டுபோனோம். பெண்ணின் தாய் வேதவல்லி அன்ரி கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். அத்தோடு நாங்கள் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் கல்யாண நகை கொண்டுவந்தவர்களை வாசலோடு அனுப்பும் தமிழ் வீட்டை நான் இன்னும் காணவில்லை. “ஒரு வாய் காப்பி குடிக்காம போனா எப்படிம்மா” என்று தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டார். தாழ்வான சோபா. உட்கார்ந்ததும் பொக்கற்றிலிருந்த துப்பாக்கி உறையோடு மேலே ஏறி, பிடி வெளியே எட்டிப் பார்த்தது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அன்ரி எனக்கு வயிற்றுவலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுவந்தார். குடித்தேன்.

4. திரும்பியதும் நடந்ததை நானே மேற்பார்வையாளர் முரளிதரன் அவர்களிடம் சொன்னேன். “பேசாம ஹேண்ட்பேக்ல வச்சுக்கோங்க, லேடீஸுக்கு அதுதான் ஈஸி” என்றார். அதுவே பிறகு எழுத்தில் உத்தரவாக வந்தது. நான் மறுத்தேன். ஏனென்றால் அதே வீட்டில் என் கைப்பைக்கு என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். நான் உள்ளே நுழைந்தபோதே அன்ரி அதைத் தோளிலிருந்து கழற்றி, உள்ளறைக் கட்டிலில் மற்ற விருந்தினரின் பைகளோடு வைத்துவிட்டார். எங்கள் வீடுகளில் அது மரியாதை. எடுக்கப் போனபோது கட்டிலில் ஒரு சின்னப் பிள்ளை என் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூக்குவரை என் லிப்ஸ்டிக்கைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அழகாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். உத்தரவு வந்த அன்று அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

5. மறுத்ததற்காக, “கடமையை ஏற்க மறுத்தவர்” என்று என் பெயருக்கு எதிரே குறித்து, என்னைத் தொலைபேசி மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

6. இனி நல்ல செய்தி. என் கணவரின் தாய் யோகா மாமி, இலங்கையில் போர் நடந்த வன்னியிலிருந்து வந்தவர். துப்பாக்கியை நாங்கள் துவக்கு என்போம்; எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையே யாரும் எடுப்பதில்லை. இந்த வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாமி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் லிப்ஸ்டிக் கதையைக் கேட்டதும், “அந்தக் காற்சட்டையைக் கொண்டு வா பிள்ளை” என்றார். பயிற்சிக்கான நீலப் பிளாஸ்டிக் துப்பாக்கியைக்கூடக் கண்ணால் பார்க்கமாட்டேன் என்றதால், அளவை அட்டையில் வெட்டிக் கொடுத்தேன். அதை வைத்து மாமி புதுப் பொக்கற் தைத்தார்: இரட்டைத் துணியில் தொடைவரை ஆழம், உறை புரளாமல் பிடிக்க உள்ளே ஒரு தடுப்பு, மேலே மூடி. பிளாஸ்டிக் துப்பாக்கியை உறையோடு வைத்துத் தாழ்வான கதிரையில் இருந்தேன், குனிந்தேன், பஸ்ஸுக்கு ஓடுவதுபோல வீட்டு வளவைச் சுற்றி ஓடினேன். அசையவில்லை ஐயா! வெளியே வடிவமும் தெரியவில்லை. நான் போட்ட கூச்சலில் மாமி சிரித்துவிட்டார்.

7. மாற்றித் தைத்த உடைக்கு உங்கள் பிரிவின் அனுமதி வேண்டும் என்கிறது நிறுவனம். நியாயம்தான். அந்தக் காற்சட்டையைத் துவைத்து இத்துடன் இணைத்துள்ளேன். குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பிரித்துத் தைக்க மாமி தயார்.

8. இவ்வளவும் நேற்றே எழுதி முடித்துவிட்டேன். இன்று காலை பணிப்பட்டியல் வந்தது. என் இடத்தில் வர்ஷா என்ற புதிய பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் கைப்பைக்கு அவள் சம்மதித்துவிட்டாள். தொலைபேசியில் பேசினேன். “அக்கா, பையைக் கீழ வைக்கவே மாட்டேன்” என்கிறாள். அவளை நம்புகிறேன். அன்ரிமாரைத்தான் நம்ப முடியாது. சனிக்கிழமை அவள் போகும் வீட்டில் காதுகுத்து. வீடு நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள்.

ஆகவே ஐயா, என் வேண்டுகோளின் வரிசையை மாற்றிக் கேட்கிறேன். என் பெயருக்கு எதிரே உள்ள குறிப்பு கிடக்கட்டும், தொலைபேசி மேசையில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன். பொக்கற்றைத் திங்கட்கிழமை பாருங்கள். கைப்பையை இன்றே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தொலைபேசி அழைப்பை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) வினுஷா சுஜீதன்

இடம்: ட்ருகனினா
திகதி: 11 செப்டம்பர் 2025, வியாழன்