பாடைச்சுழியும் பதினைந்து நாள் நோட்டீசும்

கொல்லங்கோடு
20-11-1974

அன்பு மகள் மரகதத்துக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் பிலாய்க் குளிரில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை நம்முடைய அகில இந்தியத் தென்மலைக் குட்டை மாட்டினப் பாதுகாப்புச் சங்கம் தன் வரலாற்றிலேயே முக்கியமான தீர்மானத்தை நிறைவேற்றியது. சங்கத்தின் ரப்பர் முத்திரையில் இருக்கும் காளை எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்ற கேள்வி மூன்று கூட்டங்களாகத் தீராமல் கிடந்தது. இடப்பக்கம் திரும்பினால் காளை பாலக்காட்டைப் பார்க்கிறது என்றும் வலப்பக்கம் திரும்பினால் கோயமுத்தூரைப் பார்க்கிறது என்றும் உறுப்பினர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். கடைசியில் வலப்பக்கம் என்று ஏகமனதாக முடிவாயிற்று. குப்பண்ணன் மட்டும் எழுந்து, "ஏனுங்க, முத்திரையைத் தலைகீழாக் குத்திப்போட்டா காளை காலைத் தூக்கிட்டுச் செத்துக் கெடக்கற மாதிரி இருக்குமுங்களே, அதுக்கும் ஒரு தீர்மானம் போட்டு வெச்சுக்கலாமுங்களா" என்று கேட்டான். தலைவர் சென்னிமலைக் கவுண்டர் அதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார். செயலாளர் என்ற முறையில் நான் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதினேன். என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தச் செய்தியை ஏன் முதலில் எழுதினேன் என்று உனக்குத் தெரியும். வாத்தியார் வேலையில் முப்பது வருஷம் இருந்தவன் நான், பாடம் தெரியாத பையன் பலகையைத் துடைத்துக்கொண்டே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நீ மூன்று கடிதங்களில் கருப்பாத்தாள் எப்படி இருக்கிறாள், கட்டையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாய். நான் மூன்று பதிலிலும் மழையைப் பற்றியும் நம் கொய்யா மரத்தைப் பற்றியும் எழுதினேன். தீபாவளியன்று உன் அம்மா, "நீங்க எழுதறீங்களா, இல்ல நானே எழுத்துக் கூட்டி எழுதிப் போடட்டுமா" என்று கேட்டாள். அவள் எழுதினால் சுருக்கமாக எழுதிவிடுவாள். அதனால் நானே எழுதுகிறேன்.

உன் கல்யாணத்தன்று, இத்தனை வருஷம் நம் தொழுவத்தில் உழைத்த கருப்பாத்தாளுக்கு என்று நீயே கயிற்றைப் பிடித்துக் கொடுத்த கிடாரிக்கு முதல் ஈற்றில் பிறந்தவன்தான் கட்டையன். மாடு வளர்ந்து என் இடுப்புக்கு மேல் வரவில்லை. சாம்பல் கறுப்பு, விரல் நீளக் கொம்பு, தென்மலைச் சரிவில் ஆடு ஏறுகிற இடத்திலெல்லாம் ஏறும், நான்கு பிடி வைக்கோலில் நாளைக் கழிக்கும். நம் இனத்தின் லட்சணம் என்று நான் உட்கார்ந்து பதினெட்டு அம்சம் எழுதினேன் அல்லவா, அந்தப் பதினெட்டையும் யாரோ கட்டையனைப் பக்கத்தில் நிறுத்திவைத்து எழுதிய மாதிரி இருக்கும். நிறுத்திவைத்துத்தான் எழுதினேன். கருப்பாத்தாள் அவனை ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போவாள், காளைக்குக் கத்துகிற பசுவுக்குச் சேர்த்துவிடுவாள், கொடுக்கிற நெல்லை மடியில் வாங்கிக்கொள்வாள். அவள் புருஷன் வீரபாண்டி பனையிலிருந்து விழுந்து செத்த பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் காளையால்தான்.

நம் சங்கத்தில் உறுப்பினர் பதினான்கு பேர். பதினொரு பேர் கொல்லங்கோட்டைச் சுற்றி, ஒருவர் ஆனைகட்டி, ஒருவர் காந்தலூர், இன்னொருவர் மைசூரில் இருக்கும் ஓய்வுபெற்ற ரேஞ்சர். ஆயுள் சந்தா கட்டிய அவர் ஒருவரால்தான் நாங்கள் அகில இந்தியா. இத்தனை பேர் இருந்தும் பொலிகாளை என்று மிஞ்சியது இரண்டே. ஒன்று கட்டையன், மற்றொன்று கவுண்டரின் ராஜா. ராஜாவின் பாட்டி காங்கயம் சந்தையில் வாங்கியது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். உயரம் நாற்பத்திரண்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது என் லட்சணத்தில் முதல் அம்சம். ராஜா நாற்பத்தாறு. ஆடி மாதம் நல்ல மழை பெய்த மறுநாள் அவனைச் சேற்றில் நிறுத்தி, குளம்பு நன்றாகப் புதைந்த பிறகு அளந்தோம், நாற்பத்திரண்டரை வந்தது. அரை அங்குலத்தைத் திமிலின் கொழுப்பு என்று எழுதினேன்.

அளந்ததற்குக் காரணம், அந்த மாதம் டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாட்டு மாட்டினங்களுக்கு ஒரு கண்காட்சி, ஒவ்வொரு சங்கமும் தன் பதிவேட்டின் முதல் எண் காளையைச் செயலாளருடன் அனுப்பலாம் என்று. கட்டையன் முதல் எண் என்றால் அவனை யார் ரயிலில் ஏற்றி அனுப்புவது? ராஜா என்றால் செலவைக் கவுண்டர் பார்த்துக்கொள்வார், அவர் அரிசி மில் மாடியில்தான் சங்கமே நடக்கிறது, மேஜையும் பீரோவும் அவருடையவை. திரும்பும்போது நாக்பூரில் இறங்கி வேறு வண்டி பிடித்தால் பிலாய். பேரனை இன்னும் நான் பார்க்கவில்லை. இதை உன் மேல் பழி போடுவதற்காக எழுதவில்லை அம்மிணி. ரயில்வே கால அட்டவணையை வாங்கி அந்த வண்டிகளின் நேரத்தைப் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தேன் என்பதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது முழுப் பொய்யாகிவிடும்.

ஆனால் கட்டையனை விலக்க ஒரு காரணம் வேண்டுமே. பதினெட்டு அம்சத்தில் ஒன்றிலும் குறை இல்லை. அப்போதுதான் கவுண்டர், "வாத்தியாரே, அவன் முதுவுல பாடைச்சுழி இருக்குதுங்களே, அதையெல்லாம் நீங்க பாக்கறதில்லையா" என்றார். முதுகுத் தண்டுக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக ரோமம் சுழித்திருந்தால் அது பாடைச்சுழி, அந்த மாட்டை வைத்திருப்பவனைப் பாடையில் ஏற்றும் என்பார்கள். "வீரபாண்டி போனது போதாதா" என்றார் இன்னொருவர். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். வீரபாண்டி செத்தது அறுபத்தொன்பது பங்குனியில். கட்டையன் பிறந்தது எழுபது தை மாதம். பிறப்புத் தேதியைப் பதிவேட்டில் எழுதியவனே நான்தான், அந்தப் பதிவேடு அப்போது என் கைக்கு அடியில்தான் இருந்தது. நான் பக்கத்தைத் திருப்பவில்லை. பத்தொன்பதாவது அம்சமாகச் சுழியைச் சேர்த்து, கட்டையனுக்கு நேரே "சுழிக் குற்றம், நிராகரிக்கப்பட்டது" என்று எழுதினேன்.

உன் உச்சந்தலையில் இரட்டைச் சுழி இருக்கிறது என்று சொல்லி ஒரு வரன் தட்டிப்போனபோது, அந்த வீட்டு வாசலில் நின்று நான் என்னவெல்லாம் பேசினேன் என்று உனக்கு நினைவிருக்கும். ரோமம் முளைக்கிற திசைக்கும் மனுஷருடைய ஆயுளுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். நீ உள்ளே அழுதுகொண்டிருந்தாய். அந்தப் பேச்சைப் பிறகு பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லியிருக்கிறேன். அதே வாய்.

முதல் எண் போய்விட்டால் போகட்டும், கட்டையன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்றுதான் நினைத்தேன். ஆனால் சான்று இல்லாத காளைகளுக்குக் காயடித்துவிட வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது, நம் சங்கத்தின் பட்டியலில் இருப்பவற்றுக்கு மட்டும் விலக்கு. நிராகரிக்கப்பட்ட காளை பட்டியலில் இடம்பெறாது என்பது சங்கத்தின் ஏழாவது விதி. அதை எழுதியதும் நான்தான். புரட்டாசியில் மிருகாசுபத்திரியிலிருந்து ஆள் வரப்போகிறார் என்று தெரிந்ததும் கருப்பாத்தாள் விடிந்தும் விடியாமல் நம் வீட்டு வாசலுக்குக் கட்டையனை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "ஏனுங்க வாத்தியாரே, எம்புருசன் செத்தப்ப இவன் இவங்கம்மா வயித்துலகூட இல்லீங்களே. அவரென்ன இவனைக் கனாக் கண்டா பனையில இருந்து உழுந்தாரு?" என்று கேட்டாள். எனக்கு ஐந்து வருஷக் கணக்கும் பதிவேடும் இருந்தும் நான் சொல்லத் துணியாததை அவள் ஒரு மூச்சில் சொன்னாள். நான் அவளிடம், நிராகரித்ததை மாற்றப் பொதுக்குழு கூட வேண்டும், பொதுக்குழுவுக்கு எல்லா உறுப்பினருக்கும் பதினைந்து நாள் முன்னதாக நோட்டீஸ் போக வேண்டும் என்றேன். "அவ்வளவுதானுங்களே, போட்டுடுங்க" என்றாள். அன்றைக்கே பதினான்கு கார்டு எழுதித் தபாலில் போட்டேன். மைசூருக்கும் ஒன்று. விதிப்படி நடந்துகொண்டேன் என்று அன்று நன்றாகத் தூங்கினேன்.

பன்னிரண்டாம் நாளே மிருகாசுபத்திரி ஆள் வந்துவிட்டார். மில் பக்கத்துப் புளியமரத்தில் கட்டையனைக் கட்டியிருந்தது. வந்தவர் நல்ல மனிதர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாஷே, ஒரு துண்டுக் கடலாசில் ஒப்பிட்டுத் தந்நால் மதி, ஞான் பொய்க்கோளாம்" என்றார். காளை பட்டியலில் உண்டு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் கேட்டார், வாங்கிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார். என் சட்டைப் பையில் பேனா இருந்தது. நான் கவுண்டரைப் பார்த்தேன். கவுண்டர் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். பொதுக்குழு இன்னும் கூடவில்லையே என்று நான் சொன்னேன். வந்தவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு இடுக்கியை எடுத்துக்கொண்டு போனார். மூக்கணாங்கயிற்றைக் கருப்பாத்தாளே பிடித்துக்கொண்டாள், வேறு யாரையும் தொடவிடவில்லை. அதிக நேரம் ஆகவில்லை. "முடிஞ்சுதுங்களா" என்று அவரைக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பறமென்னங்க, உங்க பொஸ்தகத்துல எழுதிக்குங்க" என்றாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மூன்று நாள் கழித்துப் பொதுக்குழு கூடியது, நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டதால் கூடாமல் இருக்க முடியாது. சுழி ஒரு குற்றமாகாது என்று ஏகமனதாகத் தீர்மானித்து, கட்டையனுக்குச் சான்றும் வழங்கினோம். கவுண்டர்தான் முன்மொழிந்தார். சான்றைக் குப்பண்ணனிடம் கொடுத்தனுப்பினேன். அதை வாங்கிக்கொண்டு கருப்பாத்தாள் கேட்ட கேள்வியை மகளுக்கு எழுத முடியாது. குப்பண்ணன் அதைச் சொல்லிச் சொல்லி மூன்று நாள் சிரித்தான், பிறகு அவனும் நிறுத்திவிட்டான். ஐப்பசி முதல் வாரத்தில் மைசூர்க் கார்டு திரும்பி வந்தது. ரேஞ்சர் போன மார்கழியிலேயே காலமாகிவிட்டாராம். டெல்லிக் கண்காட்சி தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. ராஜாவுக்கு இதுவரை எட்டுப் பசு சேர்த்தார்கள், எட்டும் சினை பிடிக்கவில்லை. ஆனைகட்டியிலும் காந்தலூரிலும் இருப்பவை பசுக்கள்தான், காளை கிடையாது.

கருப்பாத்தாள் இப்போது கவுண்டர் மில்லில் நெல் காயவைக்கப் போகிறாள். உன் அம்மா கேழ்வரகு கொடுத்தனுப்பினாள், வாங்கிக்கொண்டாள். நான் எதிரே வந்தால் தலையிலிருக்கும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாத்தியாரு நல்லாருக்கீங்களா" என்று கேட்கிறாள். முன்பும் அப்படித்தான் கேட்பாள். நான் இப்போது வாய்க்கால் பக்கமாகச் சுற்றிப் போகிறேன். செயலாளர் பதவியை விட்டுவிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். ராஜினாமாவை ஏற்பதற்கும் பதினைந்து நாள் நோட்டீஸ் வேண்டும் என்று கவுண்டர் ஏழாவது விதிக்கு அடுத்த விதியைக் காட்டினார். கவுண்டர் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளைக்கு இரவு ஷிப்ட் என்று எழுதியிருந்தாய், வேலை முடிந்து வந்ததும் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டாம் என்று சொல். குழந்தைக்கு வெந்நீரில் ஓமம் போட்டுக் கொடுக்கச் சொல்கிறாள் அம்மா. உன் கண்ணாடியை மாற்றிக்கொள், தள்ளிப்போடாதே. நீ எனக்குக் கோபமாக எழுதினாலும் எழுது, மழையைப் பற்றி மட்டும் எழுதாதே. கருப்பாத்தாளுக்குத் தனியாக ஒரு இன்லண்ட் போடு. என் விலாசத்துக்குப் போடாமல் குப்பண்ணன் விலாசத்துக்கே போடு, அவன் படித்துக் காட்டுவான். அதில் எனக்காக எதுவும் கேட்க வேண்டாம். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், மனசு அறிந்த தப்பு ஒன்றும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

உன் அப்பா
காளிச்சாமி

இன்னொன்று, நம் குட்டைப் பசு வெள்ளச்சி சென்ற வெள்ளிக்கிழமை விடியற்காலையிலிருந்து காளைக்குக் கத்தினாள். மிருகாசுபத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போய் ஜெர்சிச் சினை ஊசி போட்டுக்கொண்டு வந்தோம்.