மேசன் என்று சொன்னது நான்தான்

அண்ணா,

இன்றைக்குக் காலையில் பட்டணத்துக் கந்தோரில், காணாமல் போனவர்களைப் பதியும் அறைக்கு வெளியே வாங்கில் இருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் சாரத்தை முழங்காலுக்கு மேலே ஒதுக்கிவிட்டு, மடியிலிருந்து நோவெண்ணெய்ப் போத்தலை எடுத்துத் திறந்தார். பயிற்சி முடிந்து வந்து நீங்கள் பூசுகிற அதே எண்ணெயின் வாசம். நீங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டீர்கள் என்று உடம்பு நம்பிவிட்டது. எழுந்துகூட நின்றுவிட்டேன். மாமா என் கையைப் பிடித்து இருத்தினார்.

"பயப்பிடாத புள்ள. எல்லாம் நான் பறையிறன். அண்ணன்ட தொழில் கேட்டா மட்டும் மேசன் எண்டு சொல்லு. பாஸ்போட்டிலயும் அப்பிடித்தானே கிடக்கு. வேற ஒண்டும் வாயால வரப்பிடாது."

படுவான்கரையிலிருந்து தோணியில் வாவியைக் கடக்கும்போதும் அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். நான் தலையாட்டினேன். உங்களுக்காக அந்தச் சொல்லை நான் ஏற்கனவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன் என்பது மாமாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஒன்பது மாதமாக ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியும். நீங்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றீர்கள்.

மாங்கேணியில் நாங்கள் இருந்த நாளில் உங்களுக்கு என்னை விட்டால் அடிக்க ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் கராட்டி பழகிவிட்டு வருவீர்கள். கரைவலை இழுத்துவிட்டு வந்த கையோடு அரிசிச் சாக்கில் தேங்காய்த் தும்பை அடைத்துத் தைத்தீர்கள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் நிற்க வேண்டும். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். "அசையாத. நீ அசைஞ்சா என்ட அடி பிழைச்சிரும்" என்பீர்கள். ஒவ்வோர் அடிக்கும் நான் ஒரு முழம் பின்னால் போய் விழுவேன். அம்மா குசினிக்குள்ளிருந்து, "அந்தப் புள்ளய கொண்டுபோட்டிராதடா!" என்று கத்துவா. நான் அழுததில்லை. கடைக்குப் போனால் வாய் திறக்கமாட்டாமல் சாமான் துண்டை நீட்டுகிற எனக்கு, பேசாமல் செய்யக்கூடிய ஒரு வேலை கிடைத்திருந்தது. "என்ட தங்கச்சிக்கு வாய் வயித்துக்குள்ள இரிக்கு" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பீர்கள். ஆரும் என்னிடம் ஏதும் கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்வீர்கள்.

அப்பா கடலோடு போன பிறகு நீங்கள் கொழும்புக்குப் போனீர்கள். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டு, பின்னேரத்தில் குத்துச்சண்டைக் கிளப் ஒன்றின் தரையைக் கூட்டிக்கொண்டு, ஒருநாள் அவர்களுக்கு ஆள் குறைந்தபோது உள்ளே இறங்கினீர்கள். அப்படித் தொடங்கியது. அங்கே வென்ற பிறகு டுபாய். விசாவில் மேசன். கட்டடத்தில் சீமெந்து குழைத்தது உண்மைதான். வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் விசாவில் எழுதவில்லை.

மாதத்தில் ஒரு நாள் நாங்கள் வாழைச்சேனையில் தொலைபேசிக் கடையில் காத்திருப்போம். அம்மா கேட்பது ஒரே கேள்வி.

"அடிச்சியா, அடி வாங்கினியா?"

"ரெண்டும்தான் அம்மா. வாங்கினது குறைவு."

முதல் சண்டையில் தோற்றீர்கள். அதைச் சொல்லும்போதும் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு தோற்கவில்லை. குத்தலாம், உதைக்கலாம், பிடித்து விழுத்தலாம், கழுத்தை மடக்கலாம், எல்லாம் கலந்த சண்டை என்று விளங்கப்படுத்தினீர்கள். கம்பிக் கூண்டுக்குள் நடக்கும் என்றதும் அம்மா தலையில் கை வைத்துவிட்டா. "கூண்டுக்குள்ளயா? என்ட புள்ள என்ன மிருகமா?" நீங்கள் சொன்னீர்கள்: "ஓம் அம்மா. வெளியில இரிக்கிறவங்கட பாதுகாப்புக்குத்தான் கூண்டு."

ஐந்தாவது சண்டையில் ஓர் உயரமான ஆள் முழங்கையால் உங்கள் இடது புருவத்தைப் பிளந்துவிட்டான். இரத்தம் வழிந்து கண் தெரியவில்லை. கைக்கு அகப்பட்ட கழுத்தைப் பிடித்து மடக்கினீர்கள். அவன் உங்கள் புயத்தில் மூன்றுதரம் தட்டினான், விட்டுவிட்டீர்கள். "தட்டினா ஏலாதெண்டு அர்த்தம், விடணும். அதுதான் சட்டம்" என்றீர்கள். அன்றைக்கு அம்மாவிடமிருந்து தொலைபேசியை வாங்கி நானாகவே ஒன்று கேட்டேன்.

"விடாட்டி?"

"அடி, இவ கதைக்கிறா!" என்று நீங்கள் அங்கே துள்ளினது எனக்கு இங்கே கேட்டது. பிறகு சொன்னீர்கள்: "விடாட்டி நடுவர் பாய்ஞ்சு பிரிப்பார். அவர் இல்லாம ஒரு சண்டையும் தொடங்கேலா."

எட்டாவது சண்டையில் சம்பியன் பட்டி உங்கள் இடுப்புக்கு வந்தது. படம் கடிதத்தில் வந்தது. வீங்கின காது, கிழிந்த புருவம், இரண்டு கையும் மேலே. அங்கத்தைய இங்கிலீசுப் பத்திரிகைத் துண்டும் இருந்தது. நான் ஆண்டு எட்டோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன், தெரியும்தானே. றோட்டில் பிள்ளைகளை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று அம்மா மறித்துவிட்டா. ஆனாலும் அந்தப் பத்திரிகையில் உங்கள் பெயர் எது என்று எழுத்துக்கூட்டிக் கண்டுபிடித்தேன். அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவைத்தேன். வெளியில் ஒட்டப் பயம்.

லீவில் வந்தீர்கள். இருபது நாள். வந்து ஒரு கிழமைக்குள் ஆமிக்காரர் ஊர்ப்பக்கம் செல்குண்டு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பட்டியைக் காப்பாற்றும் சண்டை இரண்டு மாதத்தில் இருந்தது. "அதில வெண்டா பெரிய ஒப்பந்தம். உங்க ரெண்டு பேரையும் எடுத்திருவன்" என்றீர்கள். அதற்கு நீங்கள் கொழும்புக்குப் போய்ச் சேர வேண்டும். கொழும்பு றோட்டில் எத்தனை சென்றி, எத்தனை ஆமிச் சோதனைச் சாவடி! இறக்கி, வரிசையில் விட்டு, ஆம்பிளைகளின் கையையும் முழங்காலையும் பார்க்கிறார்கள். இயக்கத்தில் பயிற்சி எடுத்த உடம்பா என்று.

உங்கள் உடம்பில் பயிற்சி தெரியாத இடம் எது அண்ணா?

மூன்று நாள் நாங்கள் உங்கள் கைகளோடு பாடுபட்டோம். அம்மா வெந்நீர் வைத்தா. நான் உங்கள் விரல் மொளிகளை ஊறவைத்து, பீர்க்கங்கூட்டால் உரஞ்சி, தேங்காயெண்ணெய் பூசினேன். "என்ன, கலியாண மாப்பிளைக்கா முழுக்கு?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். காய்த்த தோல் உரிந்து சிவந்தது. உள்ளே இருந்த எலும்பு அப்படியே புடைத்துக்கொண்டு நின்றது. கணைக்கால் எலும்பு மேடும் பள்ளமுமாக இருந்தது. காதை ஒன்றும் செய்ய ஏலாது.

அம்மா என்னைத் தனியே கூப்பிட்டா. பொம்பிளைப் பிள்ளை கூட வந்தால் அவ்வளவு கெடுபிடி இராது என்று, பொலன்னறுவை வரைக்கும் என்னை உங்களோடு அனுப்புவது என்று முடிவு. "கேட்டா மேசன் எண்டு சொல்லு. சண்டை எண்ட சொல்லே அவனுகளுக்குக் கேக்கப்பிடாது" என்றா. நீங்களும் என்னைத் தனியே கூப்பிட்டீர்கள். "மேசனுக்குக் காது இப்பிடியா இரிக்கும்? பொய் சொன்னா அதிலதான் மாட்டுவம். உண்மையச் சொல்லுவம்" என்றீர்கள். ஒரு சிங்கள வசனம் பழக்கினீர்கள். மகே அய்யா கிரீடகயெக். என் அண்ணன் ஒரு விளையாட்டு வீரர். பழைய சாக்கை எடுத்து என் கையில் தந்து, ஓர் அடி, ஒரு சொல், ஓர் அடி, ஒரு சொல். ஐம்பது தரம் சொன்னேன். ஒருதரமும் பிழைக்கவில்லை.

இரண்டு வசனத்தோடு நான் பஸ் ஏறினேன். அம்மா சொன்னதை உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதை அம்மாவிடம் சொல்லவில்லை.

இரண்டு சென்றியில் விட்டுவிட்டார்கள். மூன்றாவதில் ஆம்பிளைகள் ஒரு வரிசை, நாங்கள் ஒரு வரிசை. நல்ல வெயில். ஒரு ஆமிக்காரன் உங்கள் கையைப் பிடித்துப் பார்த்தான், விட்டான், மறுபடி பிடித்தான். களிசானை உயர்த்தச் சொன்னான். காதைப் பார்த்தான். நீங்கள் சிங்களத்தில் தெளிவாகச் சொன்னீர்கள், எனக்குக் கேட்டது. விளையாட்டு வீரன் என்று. அவன் பாஸ்போட்டைப் புரட்டினான். தமிழ் தெரிந்த இன்னொருவனைக் கூப்பிட்டான். அவன் நேரே என்னிடம் வந்தான். கையில் ஒரு கொப்பி.

"அது யார் உனக்கு?"

"அண்ணன்."

"அண்ணன் என்ன வேலை?"

நீங்கள் அந்த வரிசையிலிருந்து என்னைப் பார்த்தீர்கள். சாக்குக்கு முன்னால் நிற்கிறபோது பார்ப்பது போல, தலையை மெல்ல அசைத்தீர்கள். சொல்லு என்று. எனக்கு உங்கள் வசனம் தெரியும். அது வாயில்தான் இருந்தது. ஆனால் அவன் கண்ணைப் பார்த்ததும் எனக்கு அம்மாவின் முகம்தான் வந்தது.

"மேசன்" என்றேன்.

அவனுக்குக் கேட்கவில்லை. "என்ன? பெரிசா சொல்லு."

"மேசன்."

இரண்டாவது தரம் நன்றாகக் கேட்டது. என் வாழ்க்கையில் ஒரு பிறத்தியானுக்கு நான் உரத்துச் சொன்ன முதல் பதில் அதுதான். அவன் அதைக் கொப்பியில் எழுதினான். எழுதிவிட்டு மற்றவனிடம் போய்க் காட்டினான். இரண்டு பேரும் உங்களைப் பார்த்தார்கள்.

நீங்கள் கோபிக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது. கையை இடுப்பளவில் உயர்த்தி, விரித்துக் காட்டினீர்கள். சிறுவயதில் நான் சாக்கைத் தவறவிட்டால் அப்படித்தான் காட்டுவீர்கள். பரவாயில்லை, எடு என்று.

"விசாரிச்சி விடுறது. நீ போ" என்றான் தமிழ் தெரிந்தவன். கொண்டக்டர், "ஏறு புள்ள, ஏறு, நிண்டா உன்னையும் வைப்பானுகள்" என்று என் தோளைப் பிடித்து ஏற்றினார். நான் ஏறினேன் அண்ணா. அடுத்த டவுனில் இறங்கி, பின்னேர பஸ்ஸில் திரும்பி வந்து அதே இடத்தில் இறங்கினேன். ஆட்கள் மாறியிருந்தார்கள். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார்கள். காலையில் எழுதின கொப்பி எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அலுமாரிக் கதவைத் திறந்து, படத்தையும் பத்திரிகைத் துண்டையும் கிழித்து அடுப்பில் போட்டா. தேடி வந்தால் அகப்பட்டுவிடும் என்று. உங்கள் கையுறைகள் எரிய நெடுநேரம் எடுத்தது. பிறகு ஊரே இடம்பெயர்ந்து, நாங்கள் படுவான்கரையில் பழுகாமத்தில் மாமா வீட்டில் ஒதுங்கினோம். நீங்கள் சம்பியன் என்பதற்கு இப்போது ஒரு துண்டுக் கடதாசிகூட எங்களிடம் இல்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன்.

சோறு தின்னும்போது, துணி அலம்பும்போது, உங்களை எங்கேயோ வைத்து மடக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். நீங்கள் தட்டுகிறீர்கள். தட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். அங்கே நடுவர் ஆர் அண்ணா?

இன்றைக்கு எங்கள் முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா இருந்தா. பெயர், வயது, ஊர், கடைசியாகக் கண்ட இடம் எல்லாம் மாமா சொன்னார்.

"தொழில்?"

"மேசன்" என்றார் மாமா.

அந்த அக்கா பேனையைக் கடதாசியில் வைத்தா.

"இல்ல" என்றேன்.

மாமா திரும்பிப் பார்த்தார். "புள்ள, சும்மா இரி."

"அண்ணன் சண்டை பிடிக்கிற சம்பியன்" என்றேன். குரல் கூடிவிட்டது. வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எந்தச் சண்டை?" அந்த அக்காவின் முகம் மாறிவிட்டது.

"விளையாட்டுச் சண்டை. டுபாயில. எட்டுச் சண்டை, ஏழு வெற்றி. கடைசியில பட்டி கிடைச்சது."

"ஆதாரம் இரிக்கா?"

"எரிச்சிட்டம்."

அவ பேனையைக் கீழே வைத்தா. பிறகு முன்னுக்குக் குனிந்து மெல்லச் சொன்னா: "தங்கச்சி, யோசிச்சுச் சொல்லு. இந்தத் தாள் எங்கெங்க போகுமெண்டு எனக்கே தெரியாது. மேசன் எண்டா ஒரு கரைச்சலும் இல்ல."

"எழுதுங்க அக்கா" என்றேன்.

எழுதினா. உடல் அடையாளம் கேட்டா. இடது புருவத்தில் தழும்பு, வலது காது மடிந்து வீங்கினது, விரல் மொளி புடைத்தது, கணைக்கால் எலும்பு மேடுபள்ளம். மூன்று நாள் எண்ணெய் பூசி நான் மறைக்கப் பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்தேன். அவ நிறுத்தச் சொல்லும்வரை சொன்னேன்.

திரும்பும்போது தோணியில் மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவன்ட உயிரோட விளையாடிட்டாய்" என்று மட்டும் சொன்னார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். அப்படி இருந்தால் நான் இரண்டாவது தரமும் உங்களைக் காட்டிக்கொடுத்தவள்.

இப்போது என் வாயிலிருந்து போன இரண்டு பதில்கள் உங்களைத் தேடிக்கொண்டு திரிகின்றன. ஒன்று அந்தக் கொப்பியில், மேசன் என்று. ஒன்று இன்றைய தாளில், சம்பியன் என்று. இரண்டும் ஒரே மேசையில் சந்தித்தால் என்ன நடக்கும் என்று யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் அம்மாவோடு கோயிலுக்குப் போகிறேன். அங்கே எங்களைப் போல நிறையப் பேர் வருகிறார்கள். எல்லோரும் தங்கள் பிள்ளை திரும்பி வர வேண்டும் என்று கும்பிடுகிறார்கள். அதைக் கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இல்லை என்று தோன்றுகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்தக் கொப்பி மழையில் நனைந்து போகட்டும். கறையான் தின்னட்டும். அடுப்பெரிக்க ஆராவது கிழித்து எடுக்கட்டும்.