மத்தியான வெயில் விழும் அறை

இன்று வெயில் அடித்தது. பல நாளாக மூடிக் கிடந்த மலைக்கு மேலே ஒருவழியாக வானம் தெரிந்ததும், கம்பளிகளை எல்லாம் தூக்கிக்கொண்டு போய் முன்வாசல் கம்பியில் போட்டேன். சாயங்காலம் எடுத்து மடிக்கும்போது அந்த வாசம் வந்தது. வெயிலில் காய்ந்த கம்பளி வாசம். நீ அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நான் கூப்பிடுவதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நிற்பாய். எத்தனை தரம் கத்தியிருப்பேன். உனக்குச் சொல்ல வேண்டிய சேதி ஒன்று பாக்கி இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கோலாலம்பூர் போய்விட்டு வந்தோம். நீ பார்த்து வைத்த அறையில்தான் தங்கினோம்.

பெரியவளுக்குக் கொழும்பில் வேலை நிலைத்ததும், எல்லோருமாக ஒருமுறை வெளிநாட்டில் ஒரு நகரத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவள்தான் ஆரம்பித்தாள். எங்கே போகலாம் என்று கேட்டதற்கு நீ யோசிக்கவே இல்லை. "குளிராத ஊரா இருந்தா போதும்" என்றாய். ஊரைப் பிள்ளைகள் முடிவு செய்தார்கள். தங்கும் இடத்தை மட்டும் நீ யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

எப்படி விட்டுக்கொடுப்பாய்? ஏப்ரல் சீசன் வந்தால் நுவரெலியாவில் நம் தெருக்காரர்கள் பாதிப் பேர் முன் அறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டு அடுப்படியில் முடங்குவார்கள். நாமும் அப்படித்தான் முடங்கினோம். நம் வீட்டில் வெயில் விழுவதே அந்த ஓர் அறையில்தான், அதுவும் காலையில் கொஞ்ச நேரம். அறை பார்க்க வருகிறவர்களை நீ காலையில்தான் வரச் சொல்வாய். திரையை விலக்கிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் ஒதுங்கி நிற்பாய். கட்டில் முழுக்க வெயில் கிடக்கும். அதற்கப்புறம் வாய் பேசுகிற வேலை வராது. மேகம் மூடிய காலையில் மட்டும் உனக்குப் பேச்சு ஆறாக ஓடும்.

அந்த வருஷச் சீசனில் மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். முன் அறையில் தங்க வந்தவர்கள் கரம் போர்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாம் நால்வரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பெரியவளின் போனில் கோலாலம்பூர் அறைகளைப் பார்த்தோம். தகரத்தில் மழைச் சத்தம், சுவரில் அடுப்பு வெளிச்சம், கையளவு திரையில் வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. ஒவ்வொன்றிலும் நீ கொஞ்ச நேரம் குடியிருந்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாய். இந்த மேசையில் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கலாம், இந்த நாற்காலியில் சின்னவனின் ஈரத்துணியைப் போடலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாய். எனக்குக் கண் சொக்கியது. நாம் ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது போலிருந்தது.

"ஏங்க, காலையில நாம ஊர் சுத்தப் போயிருவோம். அந்நேரம் வெயில் வந்து யாருக்குப் பிரயோசனம்?" என்றாய். "மத்தியானத்துக்கு மேல வெயில் விழுற ரூமா பாப்போம். வந்து சாஞ்சா கதகதன்னு இருக்கும்."

அப்படி ஒன்று அகப்பட்டது. உயரமான மாடி, மேற்குப் பார்த்த கண்ணாடி, சுவர் முழுக்க. அங்கே தங்கிப்போனவர்கள் எழுதியதைப் பெரியவள் வாசித்துக் காட்டினாள். மத்தியானம் அறை சூடாகிவிடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவரும் அதையேதான் எழுதியிருந்தார். உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"கேட்டீங்களா, ரூம் சூடா இருக்காம். எல்லாரும் சொல்றாங்க."

"அம்மா, அது குறை சொல்லி எழுதியிருக்காங்க."

"சூடா இருக்கிறது குறையா? நம்ம வீட்டுக்கு வந்தவங்க ஒருத்தராவது அப்பிடிச் சொல்லிட்டுப் போயிருக்காங்களா?"

எனக்கும் நீ சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. கொழும்பு வெயிலில் காய்ந்தவள் என்னவோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நோய் வந்தபின் உனக்குக் குளிர் விடவே இல்லை. அடுத்த சீசனுக்கு முன் அறையை யாருக்கும் கொடுக்கவில்லை, அது உன்னுடையதாக இருந்தது. வெயில் நகர நகர உன் கட்டிலை நான் தள்ளிக்கொண்டே போவேன். "போதுங்க, கால் தேஞ்சிரும், கட்டிலுக்கு" என்று சிரிப்பாய். வெயில் சன்னலைத் தாண்டியதும் அந்தக் கோலாலம்பூர் அறையின் படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாய். அங்கே எந்நேரமும் மத்தியானம்.

நீ போய் ஒரு வருஷம் கழித்துப் பிள்ளைகள் பயணப் பேச்சை மறுபடி எடுத்தார்கள். பெரியவள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கடைகளுக்கு நடுவே, வெயில் படாத ஓர் அறையைப் பார்த்திருந்தாள். எல்லா வகையிலும் நல்ல அறைதான். நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

"அப்பா, வெந்து போவோம்."

"வெந்தா வேகட்டும். அம்மா பாத்து வச்சதுதான்."

உனக்கென்று செய்வதற்கு எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் விட்டால் அப்புறம் கையில் ஒன்றுமில்லை. அவள் அந்த அறையையே பதிவு செய்தாள்.

போனோம். முதல் நாள் காலையில் ஊரெல்லாம் சுற்றிவிட்டு மத்தியானம் திரும்பிக் கதவைத் திறந்தோம். அடுப்பு வாயைத் திறந்தது மாதிரி இருந்தது. ஏசி அது பாட்டுக்கு முக்கிக்கொண்டிருந்தது. சின்னவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கல்தரையில் மல்லாந்துவிட்டான். எனக்கு முதுகில் வியர்வை வழிந்தது. உனக்காகத்தான் இவ்வளவும் என்று நினைத்தேன், ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் வருகிறவர்களுக்கு அறை காட்டியவள், தனக்கு அறை பார்த்த அழகு இது. நீ இருந்திருந்தால் அன்றைக்கு உன்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

கீழே வரவேற்பில் இருந்த பெண் நம் மொழிக்காரி. "அந்தப் பக்கத்து ரூமை யாரும் கேட்டு எடுக்க மாட்டாங்க ஐயா" என்றாள். "எதிர்ப் பக்கம் நிழல்ல காலியா இருக்கு, மாத்தித் தரவா?"

பெரியவள் என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைகள் இருவரையும் அங்கே மாறச் சொன்னேன். "நீங்க?" என்றாள். நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். அவள் என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தனியாக இருந்தபோது ஏசியை நிறுத்தினேன். திரையை முழுக்க விலக்கிவிட்டேன். கீழே ஊர் சத்தமே இல்லாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. ரயில் ஒன்று தெருவுக்கு மேலே மிதந்து போயிற்று. வெயில் கட்டிலில் ஏறி, விரிப்பின் நடுவரைக்கும் வந்து நின்றது. இந்த அளவு வெயில் நம் வீட்டுக்குள் ஒரு நாளாவது வந்திருந்தால் என்று நினைத்தேன். அன்றைக்குத்தான், நீ போனபின் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதேன். பிறகு அசதியில் படுத்துவிட்டேன்.

பெரியவள் பிளேன்டீ கொண்டுவந்து எழுப்பியபோது, நான் அவ்வளவு பெரிய கட்டிலில் சுவரோரமாக ஒடுங்கிக் கிடந்திருக்கிறேன். "ஏன்ப்பா இப்பிடி ஓரமா படுத்திருக்கீங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் கவனித்தேன். வெயில் விழுகிற பக்கத்தை உனக்கு விட்டுவிட்டுப் படுத்திருக்கிறேன்.

இப்போதும் அப்படித்தான். யார் வீட்டுக்குப் போனாலும், எந்த அறைக்குள் நுழைந்தாலும், முதலில் வெயில் எங்கே விழுகிறது என்று பார்க்கிறேன். பார்த்துவிட்டு, அந்த இடத்தை விட்டுத் தள்ளித்தான் உட்காருகிறேன்.