செல்லம்மை வெள்ளி

இன்று சிறுபயறுக் கஞ்சியைத் தீயவிட்டுவிட்டேன். நீ இருந்திருந்தால், "ஒன் மூக்கு எந்த ஊருக்குட்டி போயிருக்கு?" என்று கேட்டிருப்பாய். சன்னலைத் திறந்தும் வாசனை போகவில்லை. குலசேகரம் சாலையும், காளைகளின் கழுத்து மணியும், குடையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் விடுவிடென்று நடந்த நீயும் அந்த வாசனையோடு வந்துவிட்டீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இருவரும் பூதப்பாண்டியில் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்மார். நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். நீ ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, நான் பிரதோஷம் தவறாதவள். கோடை விடுமுறையில் ஊர்க்காரர்கள் நட்சத்திரங்களுக்குச் சொல்லும் பெயர்களைச் சேகரிக்கலாம் என்று ஆரம்பித்தது நான். ஒவ்வொரு பெயரும் எங்கிருந்து வந்தது என்று துருவித் துருவிக் கேட்டு என் உயிரை வாங்கியது நீ.

ஆறாமீன், விடிவெள்ளி எல்லாம் எல்லோரும் சொன்னவைதான். மலையடிவார வண்டிக்காரர்கள் மட்டும் சொன்ன ஒரு பெயர் நம்மைப் பிடித்துக்கொண்டது. பங்குனி, சித்திரையில் இருட்டத் தொடங்கும்போது கிழக்கே செம்மஞ்சளாக எழும்புமே, பஞ்சாங்கத்தில் சோதி, சுவாதி என்று இருப்பது, அதுதான். அது மலைக்கு மேல் தலைகாட்டினால் வெயில் தணிந்தது என்று வண்டி பூட்டிக் கிளம்புவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் செல்லம்மை வெள்ளி.

செல்லம்மை யார் என்று கேட்டதற்கு, "அது பழைய ராணியாக்கும்" என்றார் ஒருவர். பகைவனுக்குப் பிடிகொடுக்காமல் ஆற்றில் குதித்து வானத்துக்குப் போனவளாம். சாலையோரத்தில் அவளுக்கு ஒரு கல்லும் இருந்தது. மஞ்சள் பூசி, அரளி மாலை போட்டு, முன்னால் பழம் வைத்திருந்தார்கள். அகாலமாகச் செத்துப்போன பெண்ணுக்குக் கல் நட்டுக் கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம்தானே, நானும் நம்பிவிட்டேன். ஒரே மூச்சில் கட்டுரை எழுதி, பத்திரிகைக்கு அனுப்பும் முன் உன்னிடம் நீட்டினேன். என்ன வர்ணனை, என்ன உருக்கம்!

நீ படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்க. ராணின்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்றாய்.

"வண்டிக்காரரு."

"அவருக்கு யாரு சொன்னா?"

"நீ டீச்சராட்டி, போலீசாட்டி?" என்று கத்தினேன். நீ அசைந்து கொடுத்தால்தானே.

மறுநாளே இழுத்துக்கொண்டு போனாய். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, அவர் வேறொருவரைக் கைகாட்ட, கடைசியில் குலசேகரத்துச் சாயாக்கடையில் ஒரு கிழட்டு வண்டிக்காரரிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ராணியா? கொள்ளாம்! கஞ்சி வித்த செல்லம்மையாக்கும். இந்த வெள்ளி உதிக்கும்போ கஞ்சிப்பானைய இறக்குவா. அதைக் குடிச்சிட்டுத்தான் நாங்க வண்டி பூட்டுவோம். அதனால பேரு நாங்க வச்சதுதான்." சிரிப்பு அடங்கிவிட்டது. "ஒரு மழையில காட்டாறு வந்து குடிலோட கொண்டு போயிட்டு, பாவம். மனசு கேக்கல்ல, கல்லு வச்சோம்."

என் ராணி அங்கேயே செத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உனக்கு அதுவும் போதவில்லை.

"அவிய செத்ததை யாரு பாத்தா?" என்று கேட்டாய்.

"குடிலே இல்லியே, டீச்சரே."

"குடில் போனது சரி. ஆளு போனதை யாரு பாத்தா?"

சாயாக்கடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுப் பார்த்தார்கள். யாரும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் யாரோ சொன்னதுதான். "அவ மகளை அஞ்சுகிராமத்துல கெட்டிக் குடுத்திருந்தா" என்று அந்தக் கிழவர் முணுமுணுத்தார். உனக்கு அது போதும்.

"செத்தவளைத் தேடி பஸ் ஏறுகது நாம ரெண்டு பேருதாம்டி" என்று அஞ்சுகிராமம் போய்ச் சேரும்வரை புலம்பிக்கொண்டே வந்தேன். அங்கே விசாரித்துப் போன வீட்டு முற்றத்தில் ஒரு கிழவி புளி உடைத்துக்கொண்டிருந்தாள். "செல்லம்மையா? நாந்தான். என்ன வேணும் பிள்ளையளே?" என்றாள். நான் இரண்டடி பின்னால் போனேன். நீயோ குடையைச் சுவரில் சாத்திவிட்டு, கூட உட்கார்ந்து புளி உடைக்க ஆரம்பித்தாய்.

மழை வலுக்கும் முன்பே காய்ச்சலோடு இருந்தவளை மருமகன் வண்டி கொண்டுவந்து கூட்டிப்போயிருக்கிறார். குடில் போன சேதி பிறகுதான் தெரிந்திருக்கிறது. திரும்பிப் போக அங்கே என்ன இருக்கிறது?

"எத்தன வருசம் கஞ்சி ஊத்தினேன். இந்தக் கெழவி இருக்காளா செத்தாளான்னு ஒரு பயலாவது தேடி வந்தானா? வேற எவ கஞ்சியாவது கிடைச்சிருக்கும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் நம் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் அவளுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. ஆறாதது அது ஒன்றுதான் என்று எனக்கே புரிந்தது.

கல்லைப் பற்றிச் சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். நீ இருட்டும்வரை காத்திருந்தாய். பனைகளுக்கு மேலே அது எழும்பியதும் கையை நீட்டி, "அந்த வெள்ளிக்கு வண்டிக்காரங்க என்ன பேரு சொல்லுகாவ தெரியுமா?" என்று கேட்டாய்.

"அதா? கஞ்சி இறக்குக நேரத்து வெள்ளி. அதுக்கு என்ன பேரு?"

"செல்லம்மை வெள்ளி."

அவள் உன்னைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். "எம் பேரையா? எம் பேரையா மக்களே?" என்று கேட்டுக்கேட்டு அழுதாள். மகள் பதறிப்போய் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். நானும் அழுதேன். நீ மட்டும் புளிக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "இன்னும் அதைப் பாத்துத்தான் வண்டி பூட்டுகாவ. நான் கேட்டுட்டுத்தான் வந்தேன்" என்றாய்.

கல்லைப் பற்றியும் பிறகு பதமாகச் சொன்னாய். பார்த்தே தீருவேன் என்று நின்றாள். கூட்டிக்கொண்டு போனோம். அவளைக் கண்டதும் அந்தக் கிழட்டு வண்டிக்காரர் கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டுக் கும்பிட்டார். "ஏலே, உசுரோட இருக்கவளுக்கா மால போட்ட?" என்று அவள் அதட்ட, அவர் சின்னப்பிள்ளை மாதிரித் தேம்பினார். செல்லம்மை தன் கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, முன்னால் வைத்திருந்த பழத்தை எடுத்து உரித்தாள். "எனக்கு வச்சதுதானே, நானே தின்னுகேன்" என்றாள். சாலையே சிரித்தது.

திருத்தி எழுதிய கட்டுரையைப் பத்திரிகை போடவில்லை. ராணி இருந்திருந்தால் போட்டிருப்பார்கள் என்று நான் முணுமுணுத்தபோதெல்லாம் நீ கண்டுகொள்ளவே மாட்டாய். சித்திரை பிறந்தால் இப்போதும் கிழக்கே பார்த்து நிற்கிறேன். யார் எதைச் சொன்னாலும் உன் கேள்விதான் முதலில் வாயில் வருகிறது. வீட்டில் எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள்.

போன மாதம் உன் அண்ணன் மகள் வந்து என் வாசலில் நின்றாள். "டீச்சர், அத்தை போயிட்டாவ" என்றாள். நான் அழவில்லை. அஞ்சுகிராமத்து முற்றம்தான் நினைவுக்கு வந்தது. "ஒனக்கு இதை யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரும் சொல்லல்ல டீச்சர். நாந்தான் பக்கத்துல இருந்தேன்."

அதற்கு மேல் யாரிடம் போய்க் கேட்பது என்று நீ சொல்லிவிட்டுப் போகவில்லையே, ஏட்டி.