பத்து நிமிடம் கழித்து முதல் குண்டு

தங்கச்சி,

இன்று காலை பெடாஸ் பெயிண்ட்பால் களத்துக் கொட்டகையில் உன் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். ஷூ பெட்டிகளிலிருந்து நீ பொறுக்கிப் போட்டு வைத்த, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களுக்கு அடியில் கடைசி உறை கிடந்தது. உள்ளே துப்பாக்கிக்குப் போடும் ஏழு சீல்கள், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. உறையின்மேல் உன் கையெழுத்தில், எந்த மாதத்துக்குப் பிறகு போடக்கூடாது என்று எழுதியிருந்தது. அந்த மாதம் போன வாரம் முடிந்துவிட்டது. நீ வெட்டியதில் மிச்சம் இவ்வளவுதான்.

சாயக் குண்டு சுடும் பெயிண்ட்பால் துப்பாக்கியைப் பற்றி உனக்கு முதலில் விளக்கியவன் நான்தான். பாட்டிலிலிருந்து முரட்டுத்தனமாக வரும் காற்றை ரெகுலேட்டர் அடக்கி, அளவாக உள்ளே விடும். அடக்குகிற இடத்தில் பிஸ்டன் வந்து உட்காருவது ஒரு பிளாஸ்டிக் சீல்மேல் என்று கால் மணி நேரம் பேசினேன். நீ, "ஓ, பைப்பு வாஷர் மாதிரி" என்று இரண்டு நொடியில் முடித்துவிட்டாய். செனவாங் தொழிற்சாலையில் பம்பு சீல்களின் தரம் பார்க்கிறவளிடம் நான் அளந்த அளப்பை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்த வருடம் இருபது துப்பாக்கிகளிலும் டெஃப்ளான் சீல் போட்டிருந்தேன். வழவழப்பான சரக்கு, எதுவும் ஒட்டாது, பிளாஸ்டிக்கில் அதுதான் ராஜா என்று எனக்கு நினைப்பு. "வழவழன்னு இருந்தா போதுமாண்ணே? அழுத்துனா அமுங்கும். அமுங்குனது திரும்பி வராது லா" என்றாய். ஆறு மாதம் முன்னால் துப்பாக்கி என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை எனக்குச் சொல்வதா என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை.

லாபு தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்து டவுன்களுக்குப் போனவர்கள் நாற்பது பேர், ஒன்றுகூடலுக்கு நம் களத்தைக் கேட்டு வந்தார்களே, அந்த ஞாயிறு. என் மகளும் ஆட வந்திருந்தாள். நீ எல்லாரும் குடிக்கச் சீராப் தண்ணீர் கலக்க வந்தாய். ஒவ்வொரு துப்பாக்கியையும் குண்டின் வேகம் காட்டும் பெட்டிக்கு முன்னால் ஐந்து குண்டு விடாமல் சுட்டுப் பார்த்தேன். எல்லாம் பாதுகாப்பான அளவுக்குள். மேசையில் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

நீ வந்து ஒன்றை எடுத்துச் சுட்டாய். எண் அளவைத் தாண்டி எகிறியது. இரண்டாம் குண்டு சரியாக இருந்தது. "பெட்டில பேட்டரி வீக் லா" என்றேன். நீ துப்பாக்கியை வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாய், பத்து நிமிடம் சீராப் கலக்கினாய், திரும்ப வந்து சுட்டாய். மறுபடியும் முதல் குண்டு எகிறியது, இரண்டாவது அடங்கியது.

"நீங்க விடாம சுட்டுப் பாக்குறீங்கண்ணே. சும்மா கெடக்கறப்ப சீல் கசிஞ்சு உள்ள காத்து ஏறிக்கிட்டே இருக்கு. ஆட்டத்துல எல்லாரும் செம்பனை மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு காத்திருந்துதானே மொதக் குண்டு போடுவாங்க?"

நாற்பது பேர் முன்னால் உன்மேல் கத்தினேன். ஆட்டத்தைக் கெடுக்க வந்தாயா, வீட்டுக்குப் போ என்றேன். நீ காற்றுப் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உன் காரில் வைத்துப் பூட்டினாய்.

"மாஸ்க் போட்டுருக்காங்க இல்ல? சாவியக் குடு!"

"மாஸ்க் கழண்டா? அந்த மொதக் குண்டு உங்க மவ கண்ணுக்குன்னு வெச்சுக்குங்க. பரவாயில்லன்னு சொல்லுங்கண்ணே, சாவி தரேன்."

என் மகள் அங்கேயே குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். சாவி கேட்டு நீட்டிய கையால் ஸ்பேனரை எடுத்தேன்.

ரெகுலேட்டரைக் கழற்றினோம். டெஃப்ளானில் பிஸ்டன் விளிம்பு வட்டமாகப் பள்ளம் பறித்திருந்தது. நகத்தால் தடவினாலே தெரிந்தது. நீ கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூவைப் பிரித்தாய். அதில் நீயே வெட்டிய எட்டு யூரித்தேன் சீல்கள், ரப்பர் போல வளைபவை. இரண்டு மாதமாக உன் சமையலறை ஜன்னலில் ஊறுகாய் பாட்டில் தண்ணீரில் நைலானைப் போட்டு அளந்துகொண்டிருந்தாய் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "நைலான் நம்ம ஊரு மழையக் குடிச்சு வீங்கிருதுண்ணே. டெல்ரின் பிளாஸ்டிக் வீங்காது, ஆனா கல்லு மாதிரி. ஒரு மணலு விழுந்தாலும் இங்க கசியும். அத வால்வுல போடுங்க, நாளு பூரா அடி வாங்கட்டும். ரெகுலேட்டருக்கு யூரித்தேன். அமுங்கும், திரும்பி வரும். ஆனா இந்தச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் நாள்பட்டா கெட்டுப்போவும். தேதி போட்டு மாத்தணும்."

அன்று எட்டுத் துப்பாக்கிகளை வைத்து நாற்பது பேரும் மாறி மாறி ஆடினார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. எல்லார் கண்ணும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது.

மறுநாள் ஒரு கூடை ரம்புத்தானோடு உன் வாசலில் நின்றேன்.

"மன்னிப்பா, பழமாண்ணே?"

"ரெண்டும்தான்."

"உள்ள வாங்க. நீங்களும் அந்த டெஃப்ளான் மாதிரிதான். பத்து நிமிஷம் சும்மா விட்டா மொதக் குண்டு எகிறுது." உன் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

திட்டு வாங்கிக்கொண்டே சரியானதைச் செய்ய எத்தனை பேருக்கு முடியும்? என்னால் முடியாது. உன்னிடம் அதை நேரில் சொல்லாமலே விட்டுவிட்டேன், பாவி நான். சிரம்பான் மருத்துவமனையில் ஊசி குத்திய கையோடு இந்த உறைகளில் மாதம் எழுதிக்கொண்டிருந்தாய். நீ வெட்டியதை எப்படியம்மா தூக்கி எறிவது என்று கேட்டேன். "பாசத்த என் மேல வைங்கண்ணே. சீல் மேல வைக்காதீங்க" என்றாய். அடுத்த வாரம் உன்னைப் பெட்டியில் வைத்து மாதா கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

ஏழும் பார்க்கப் புத்தம் புதிதாகத்தான் இருக்கின்றன. ஒன்றை என் மகளின் துப்பாக்கியில் போட்டும்விட்டேன். பிறகு கழற்றினேன். ஏழையும் குப்பையில் போட்டேன். போடும்போது அழுதேன், மறைப்பானேன்.

நீ சீல் வெட்டிய அச்சை வைத்து யூரித்தேன் தகட்டில் புதுச் சீல்களை நானே தட்டி வெட்டினேன். முதல் இரண்டும் கோணல். மூன்றாவதை மாட்டி, காற்று நிரப்பி, மேசையில் வைத்து, பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் குண்டும் இரண்டாம் குண்டும் ஒரே எண்.

ஒரு தடவை சரியாக வந்தால் நீ நம்பமாட்டாய். "இன்னொருக்கா வெச்சுப் பாருங்கண்ணே" என்பாய். வைத்திருக்கிறேன். இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது.