வறட்சிப் படத்தில் வெள்ளையாய் இருந்த மலை

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எனக்கே மதினியாகி வந்த சரோஜாவுக்கு,

நாளைக்கு உனக்கு முதல் திவசம். வடைக்கு உளுந்து ஊறப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்த உளுந்து ஊறுகிற தண்ணீரைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள். எனக்கு வாயாடி என்று பேர் வைத்தவளே நீதானே.

உன் மகள் தரம் ஆறுக்குப் போய்விட்டாள். சடை நான்தான் பின்னிவிடுகிறேன். கோணலாய் இருக்கிறது, அம்மா பின்னினால் நேராய் இருக்கும் என்று காலையில் சண்டை பிடிக்கிறாள். நானும் விடுவதில்லை, திருப்பிச் சண்டை பிடிக்கிறேன். அண்ணன் இன்னும் தோட்டத்துத் தலைவர்தான். தொழிற்சங்கத்து வேலை என்று அலைகிறார், ஆனால் முன்பு போலச் சத்தமாய்ப் பேசுவதில்லை. பிள்ளைக்காம்பராவை இன்னும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். அங்கே தண்ணீர் இல்லாவிட்டால் பூட்ட வேண்டியதுதான். பூட்டினால் அவர்கள் மலைக்குப் போக முடியாது. உனக்குத் தெரியாததா?

போன வருடம் எட்டாம் மாதம் லயத்து வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் விழுகிற பீலிக் குழாய் நின்றது. ஊற்றுத் தண்ணீர் சொட்டக்கூட இல்லை. நீ பள்ளத்து ஓடைக்கு இறங்கினாய், குடத்தோடு ஏறி வரும்போது விழுந்தாய். பதுளை ஆஸ்பத்திரி வரைக்கும் உன் தலை என் மடியில்தான் இருந்தது. தவறி விழுந்து இறந்தார் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த வரியை எத்தனை தடவை வாசித்தாலும் என்னால் ஒப்ப முடியவில்லை. நீயா தவறினாய்?

அந்தக் கோபத்தோடுதான் இந்த வருடம் ஐந்தாம் மாதமே பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன். பவுசர் லொறியில் தண்ணீர் அனுப்புகிற வேலையைப் பார்க்கும் கந்தோர் ஒன்று இருக்கிறது. பீலி நின்ற பிறகு பவுசர் கேட்டுப் பிரயோசனம் இல்லை, முன்கூட்டியே கேட்போம் என்று நினைத்தேன். அங்கே ஒரு மிஸ், சிங்களப் பிள்ளை, நம் தமிழ் நன்றாகப் பேசுகிறாள். கம்பியூட்டரை என் பக்கம் திருப்பினாள்.

“பாருங்க அக்கா. செவப்பு இருந்தா வறட்சி. உங்க பக்கம் வெள்ளை. வெள்ளைன்னா வழமை.”

அந்த இடத்தில் நான் சண்டை பிடிக்கவில்லை. நம்ப மாட்டாய், உண்மையாகத்தான். அந்த இணையப் பக்கத்தின் பேரை மட்டும் போனில் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அது என்ன தெரியுமா? உலகத்தில் எங்கெங்கே மழை குறைந்திருக்கிறது என்று நிறம் போட்டுக் காட்டுகிற படம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். விரலால் தள்ளித் தள்ளி ஆப்பிரிக்காவுக்குப் போனேன், இந்தியாவுக்குப் போனேன். பேர் வாசிக்கத் தெரியாத ஊரெல்லாம் சிவந்து கிடந்தது. அங்கேயும் யாராவது ஒருத்தி குடத்தோடு ஏறிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. போனில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு இருக்கிறேன் என்று நீ இருந்தால் திட்டியிருப்பாய்.

கீழே ஒரு கோடு இருக்கிறது. அதை இழுத்தால் பழைய மாதங்களும் வரும். போன வருடம் எட்டாம் மாதத்துக்கு இழுத்தேன். அப்புத்தளையைப் பிடித்து, அங்கிருந்து கீழே இறங்கி நம் மலையைக் கண்டுபிடித்தேன்.

வெள்ளை.

நீ செத்த மாதம் வழமையாம் சரோஜா. போனைத் தூக்கி எறியப் போனேன். பக்கத்தில் பிள்ளைக்காம்பராக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, அதனால் விட்டேன்.

அடுத்த கிழமையே திரும்பப் போனேன். போனை மிஸ்ஸின் மேசையில் வைத்தேன். “இந்த மாசந்தான் மிஸ் எங்க மதினி தண்ணிக்குப் போயி செத்தா. இது எப்படி வழமையாகும், சொல்லுங்க” என்று கேட்டேன். சண்டைக்குத்தான் போனேன். ஆனால் அவள் சண்டைக்கு வரவில்லை.  நாற்காலியை இழுத்துப் போட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

அவள் சொன்னதை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். அந்தப் படம் ஒரு மாத மழையை மட்டும் பார்க்கிறது. பல வருடத்து அதே மாதங்களோடு ஒப்பிடுகிறது. எட்டாம் மாதம் நம் பக்கம் எப்போதும் மழை குறைவுதானே? காய்ந்த காற்று அடிக்கும், தேயிலைக்கு வாசம் ஏறும், சீசன் என்று தொழிற்சாலையே குதூகலமாய் இருக்கும். எப்போதும் காய்கிற மாதம் அந்த வருடமும் காய்ந்தால் அதன் கணக்கில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

“ஆனா ஊத்து ஒரு மாசத்துல காயாது அக்கா. இதைப் பாருங்க” என்று வேறொரு இடத்தை அமுக்கினாள். அது ஒன்பது மாதத்து மழையைச் சேர்த்துப் பார்க்கிற கணக்கு. ஒன்பது மாதக் கணக்கு என்றால் பிள்ளைக்காம்பராக்காரிக்குச் சொல்லித்தர வேண்டுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அதற்குள் படம் மாறியது.

நம் மலை முழுக்கக் கருஞ்சிவப்பு. அதற்கு முந்திய மாரிமழை பொய்த்தது அத்தனையும் அதில் இருந்தது. அந்த மழை வந்திருந்தால்தான் ஊற்று நிரம்பியிருக்கும். பீலி நிற்கப் போகிறது என்று நீ இறங்குவதற்கு முன்னமே அந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். அழுதேன். மிஸ் தன் போத்தல் தண்ணீரை எனக்குக் குடிக்கக் கொடுத்தாள்.

பிறகு இந்த வருடத்துக்கும் அதே ஒன்பது மாதக் கணக்கைத் திறந்தாள். அதுவும் சிவக்கத் தொடங்கியிருந்தது.

“படத்தை மட்டும் வச்சு பவுசர் எடுக்க ஏலாது அக்கா. அந்தப் படத்துல ஒரே கட்டத்துக்குள்ள உங்க மலையும் இருக்கு, மழை பெய்யிற மத்தப் பக்கமும் இருக்கு. அதனாலதான் தோட்டத் தலைவர்மாருக்கு போன்ல கோல் எடுத்துக் கேக்கிறோம். அவங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதான். வழமைதான் மிஸ்.”

எனக்குச் சுருக்கென்றது. போன வருடம் அந்தக் கோல் வந்தபோது நானும் உங்கள் வீட்டில்தான் இருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அண்ணன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, “வெயில் காய்ச்சல்தாங்க, வழமைதாங்க” என்று சொல்லி வைத்தார். நீ குடத்தோடு உள்ளே வந்தாய். “தலைவருக்கென்ன, தண்ணி தானா நடந்து வருது” என்று கேலி பண்ணினாய். மூன்று பேரும் சிரித்தோம். அவர் பொய் சொல்லவில்லை. நம் ஆட்களுக்குக் கஷ்டத்தைக் கஷ்டம் என்று சொல்ல வாய் வராது. வருடா வருடம் நடப்பதுதானே என்று விட்டுவிடுவோம். மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு நாலு நாள் சேர்ந்தாற்போல மழை பெய்தால் எல்லோரும் பதறுகிறோம். நாலு மாதம் பெய்யாவிட்டால் யார் பதறினார்கள்?

இதை அண்ணனிடம் சொல்வதா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். உன் சாவைத் தூக்கி அவர் தலையில் போட எனக்கு மனசில்லை. கடைசியில் ஒன்றும் சொல்லாமல் இரண்டு படத்தையும் காட்டினேன், வெள்ளையையும் சிவப்பையும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். “இது எந்த மாசம்?” என்று கேட்டார். சொன்னேன். எழுந்து பீலிக்குப் போய், தண்ணீர் விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். 

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பீலிக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார். அதை மிஸ்ஸுக்கு நான் அனுப்புகிறேன். தண்ணீர் மெலிந்துகொண்டே வந்ததை அந்தப் படங்களை வரிசையாய்ப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும். பள்ளத்துக்கு இறங்குகிற பாதையின் வாயில் கவ்வாத்து வெட்டிய கிளைகளைக் கொண்டுவந்து குவித்தார். ஒருத்தரும் இறங்கக்கூடாது என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார். சிலர் முணுமுணுத்தார்கள். அவர் அசையவில்லை.

போன மாதம் கோல் வந்தது. உன் மகளின் சடை என் கையில் இருந்தது. அண்ணன் எழுந்து நின்று பேசினார்.

“இல்லீங்க மிஸ். வழமை இல்லீங்க. பீலி நூலு மாதிரி வருது. இன்னும் கொஞ்ச நாள்ல நின்னுரும். போன வருசமும் வழமை இல்லீங்க. நாந்தான் வழமைன்னு சொல்லிட்டேன். எம் பொஞ்சாதி போயிட்டா. எழுதிக்கங்க மிஸ், இது வழமை இல்லை.”

போனை வைத்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார். உன் மகள் பாதிச் சடையோடு ஓடிப்போய் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பீலி நிற்பதற்கு முன்னமே பவுசர் வந்துவிட்டது சரோஜா. பிள்ளைக்காம்பராவை ஒரு நாளும் பூட்டவில்லை. முதல் நாள் அண்ணன் உன் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். தலைவர் என்று முன்னால் போகச் சொன்னார்கள், போகவில்லை. உளுந்து ஊறுவது அந்தக் குடத்துத் தண்ணீரில்தான். நாளைக்கு உனக்குப் படைக்கிற சோறும் அதில்தான் வேகும். பாதையை அடைத்த பிறகு இந்த லயத்திலிருந்து ஒருத்தியும் அந்தப் பள்ளத்தில் கால் வைக்கவில்லை என்று நாளைக்கு உன் படத்துக்கு முன்னால் அவரே சொல்லப் போகிறார்.

நான் சொல்வது இதுதான். பவுசர் வந்ததோடு நான் ஓயமாட்டேன். ஊற்றடியில் ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டித் தரும் வரைக்கும் பதுளை பஸ்ஸில் எனக்கு ஒரு இடம் இருக்கிறது. எனக்கு மூச்சு இருக்கும் வரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் பீலியின் படம் போகும். நம் மலையை இனி யாரும் வெள்ளையாய் விட்டுவிட முடியாது.

சடையையும் ஒரு நாள் நேராய்ப் பின்னிக் காட்டுகிறேன்.

உன் மகளுக்கு அத்தை,
உனக்கு என்றைக்கும் வாயாடி நாத்தனார்,
பரமேஸ்