அலாரம் அடிக்காத மெஷின்

4.11, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. தட்டாஞ்சாவடி ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஒர்க்‌ஷாப்புக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டேன்.

என் மனைவி கலாவின் ஆக்சிஜன் மெஷின் சத்தமில்லாமல் ஓடுகிறது. அதுதான் பயம். பத்து நாளாக ஒரு தடவைகூட அலாரம் அடிக்கவில்லை. அடிக்காதபடி செய்தவன் நான்.

யாரிடமும் சொல்ல முடியாது, இங்கேயாவது எழுதுகிறேன். போன மாதக் கடைசியில் அது ஓயாமல் கத்தியது. மதியம் கண் அசந்தால் கலா திடுக்கிட்டு எழுந்து உட்காருவாள். மில் மூடும்வரை பஞ்சுத் தூசியில் நின்ற நெஞ்சு, தாங்காது. எங்கள் ஷாப்பில் இரும்பு கடையும் சி.என்.சி. மெஷின் சும்மா சும்மா கத்தினால் உள்ளே போய் அலாரம் அளவைத் தள்ளி வைப்போம், ஓட்டம் நிற்காது. இருபது வருஷப் பழக்கம். அதையே வீட்டிலும் செய்தேன். எலெக்ட்ரீஷியன் முருகன் நெட்டில் யாரோ மாற்றிப் போட்டிருந்த சர்வீஸ் சாப்ட்வேரைத் தேடிப் பிடித்தான். கேபிள் போட்டு ஏற்றினோம். மெஷின் விடும் காற்றில் ஆக்சிஜன் 82 சதவீதத்துக்குக் கீழே போனால் கத்த வேண்டியது. 60 என்று வைத்தோம்.

கலா அன்று "அப்பாடா" என்றாள். எனக்குப் பெருமை வேறு.

5.11, புதன்

தூறல். ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும் விரல் கிளிப்பில் கலாவுக்கு 89. மறுபடி வைத்தால் 88. தீபாவளி மருதாணி இன்னும் நகத்தில் இருக்கிறது, அதனால் சரியாகக் காட்டாது என்றேன். காது மடலில் வைத்துப் பார்த்தேன். அதே 88.

குளித்து வந்ததற்கே மூச்சு வாங்கினாள். ஏன் இப்படி என்று கேட்டாள். வயசு, குளிர் வேறு என்றேன். தலையாட்டினாள்.

வாங்க வேண்டியது: இன்வெர்ட்டருக்குத் தண்ணீர், ஃபில்டர், வெந்தயம், கிளிப்புக்கு பேட்டரி.

6.11, வியாழன்

சர்வீஸ் லைனுக்குப் போன். ஒரு பெண். சீரியல் நம்பர், வாங்கிய தேதி எல்லாம் கேட்டாள். வாரண்டி இன்னும் ஏழு மாதம் இருக்கிறதாம். உயிர் வந்தது. அடுத்த கேள்வியில் போனது.

"சார், சாப்ட்வேர் எதுவும் மாத்துனீங்களா?"

இல்லை என்றேன். மாற்றியிருந்தால் வாரண்டி ரத்து, மாற்று மெஷினும் கிடையாது என்றாள். சும்மாதான் சொல்கிறாளாம், எல்லோரிடமும் சொல்வதாம். சனிக்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொல்லி வைத்தாள்.

முருகனிடம் ஓடினேன். "பழச ஏத்திட்டா எவனுக்குத் தெரியப் போவுதுண்ணே" என்றான். பழசு எங்கே? ஷாப் மெஷின் என்றால் கை வைப்பதற்கு முன் ஒரு காப்பி எடுத்து வைப்பேன். வீட்டு மெஷினுக்கு எடுக்கவில்லை.

7.11, வெள்ளி

86. உதடு லேசாக நீலமோ? ட்யூப்லைட் வெளிச்சமாக இருக்கலாம். ஆஸ்பத்திரி போகலாம் என்றேன், நாளைக்குத்தான் கம்பெனி ஆள் வருகிறாரே என்றாள். நானும் விட்டேன். ஏன் விட்டேன்?

எதற்குப் பயப்படுகிறேன் என்று எழுதிப் பார்த்தேன். வாரண்டி போய்விடும். கலாவுக்குத் தெரிந்துவிடும். கலாவுக்கு ஏதாவது ஆகிவிடும்.

வரிசையைப் பார்த்தால் என் மேலேயே அருவருப்பு.

8.11, சனி

சர்வீஸ் ஆள் பதினோரு மணிக்கு, நனைந்த பையோடு. சென்னை பஸ் காலாப்பட்டில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டதாம். லேப்டாப்பை மாட்டினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது எங்க சாப்ட்வேர் இல்ல சார். என்னிக்கு மாத்துனீங்கன்னுகூட இதுல நிக்குது."

மெஷினிலிருந்து காற்று வரும் வாயில் தன் மீட்டரை வைத்தார். 67. உள்ளே ஆக்சிஜனைப் பிரிக்கிற குழாய் கெட்டுவிட்டதாம். போன மாதம் கத்தியது அதற்குத்தான். அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் வாரண்டியில் இலவசமாக மாற்றியிருப்பார்களாம். இப்போது அவர் கை வைக்கவே கூடாதாம். திட்டியிருந்தால் தேவலை. சார் சார் என்றே பேசினார். சாப்ட்வேரை மாற்றியது நான்தான், கம்பெனி பொறுப்பில்லை என்று ஒரு காகிதம். கையெழுத்துப் போட்டேன். வாசலில் மெதுவாக, இன்றைக்கே வாடகை சிலிண்டர் போடச் சொன்னார்.

மூன்று மணிக்கு சிலிண்டர் வந்தது. நாலு மணிக்கு விரல் கிளிப்பில் 94. உட்கார்ந்து அழுதேன்.

என்ன காகிதம் என்று கலா கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். மருதாணி, வயசு, குளிர் என்று சொன்ன பொய்களையும். மூக்கில் குழாயைச் சரி செய்துகொண்டாள். அப்புறம் சொன்னாள்:

"எனக்கு முடிஞ்சிப் போச்சின்னே நெனச்சிக்கினு இருந்தேங்க. ஒங்ககிட்ட சொன்னா பயந்துடுவீங்கன்னு சொல்லல."